மூன்று வயது கூட்டிக்கொண்ட கருந்துளை

“என்கிட்ட போட்டது எதுவும் வெளிய வராது. ஒளியே வராதுங்கறேன், சேதியா வந்துடப்போவுது?”

திருவையாற்றுக் கடைத்தெருவில், டீ கிளாசை மேசை மேல் ஓசை வரும்படி வைத்துவிட்டு, பேராசிரியர் தமிழரசன் பல வருஷங்களாகச் செய்துவந்த பிரகடனம் இது. வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். கருந்துளையில் முனைவர் பட்டம் வாங்கியவர். தன்னையும் ஒரு கருந்துளை என்று சொல்லிக்கொள்ள முறைப்படி தகுதி பெற்றவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

அந்த நம்பிக்கையில் பலரும் அவரிடம் பலதையும் போட்டுவைத்தார்கள். கல்லூரி முதல்வர், தம் தலைமுடி சொந்தமில்லை என்பதை அவரிடம் மட்டும் சொன்னார். கணக்குப் பேராசிரியர் ஹபீப் முகம்மது, தாம் மொட்டைமாடியில் உட்கார்ந்து கவிதை எழுதுவதை அவரிடம் மட்டும் சொன்னார். தமிழரசன் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் முதல்வர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் பதறி எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார். ஹபீப் தொண்டையைச் செருமினாலே எதுகை வந்துவிடுமோ என்று கலவரமாகப் பார்த்தார். ஒரே மாதத்தில் இரண்டு ரகசியமும் கல்லூரி வாட்ச்மேன் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. எப்படிப் போயின என்பது தமிழரசனுக்கு மட்டும் விளங்கவே இல்லை.

அவர் மனைவி வானதிக்கு விளங்கியது. வானதி பக்கத்து ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால், அது மந்திரி வீட்டு நெல்லாக இருந்தாலும் களத்தில் காயப்போட்டுக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிற பதவி. பகலெல்லாம் நெல், ராத்திரிச் சாப்பாட்டில் கருந்துளை. தமிழரசன் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்த பத்து வருஷமும் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்ட ஒரே மனித ஜீவன் அவள்தான்.

ஆராய்ச்சி, ‘ஆக்டிவ் கேலக்ஸி’ எனப்படும் விண்மீன் மண்டலங்களைப் பற்றியது. அவற்றின் நடுவில், பல கோடிச் சூரியன்களின் கனத்தோடு ஒரு ராட்சதக் கருந்துளை உட்கார்ந்து சுற்றியிருப்பதைத் தின்றுகொண்டிருக்கும்.

“வடிகால் மடையத் தொறந்தா தண்ணி நேராவா விழுது?” என்பார், ரசத்தைக் கரண்டியால் சுழற்றியபடி. “சுத்தும். ஒரு வைக்கோல் துண்டு போட்டுப் பாரு, கிட்டப் போகப் போக வேகம் கூடும். அதே மாதிரிதான். வாயு, தூசி எல்லாம் ஒரு தட்டு கணக்கா சுத்திச் சுத்தித்தான் உள்ள விழும். விழறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிக் கொதிச்சுப்போயி, அந்த கேலக்ஸில இருக்கற மொத்த நட்சத்திரத்தையும் விட அதிகமா எரியும். உள்ள போனது பேசாது வானதி. போறதுக்கு முன்னாடி கத்தும்.”

“இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?”

“ஊத்து. நடுவுல இருக்கறதோட கனத்த எப்படிக் கண்டுபிடிக்கறோம்னு கேக்க மாட்டியா?”

“கேக்கறேன். எப்படி?”

“வாசல்ல திடீர்னு ஒரு மினுக்கு வரும். கொஞ்ச நாள் கழிச்சு, தள்ளிச் சுத்திக்கிட்டிருக்கற மேகத்துல அதே மினுக்கு எதிரொலிக்கும். எவ்ளோ தாமதம்னு பாத்தா மேகம் இருக்கற தூரம் தெரிஞ்சுடும். அந்த மேகம் என்ன வேகத்துல ஓடுதுன்னு பாத்தா, நடுவுல இருக்கறது எவ்ளோ கனம்னு தெரிஞ்சுடும். கருந்துளையப் பாக்கவே வேணாம்.”

இவ்வளவையும் கண்டறிந்தவர், கொல்லையில் மோட்டார் ஓடவில்லை என்பதை வாளியில் தண்ணீர் இல்லாத அன்றுதான் கண்டறிந்தார். அதை வானதி குறையாகச் சொன்னதில்லை. அவளுக்கு இருந்த குறை வேறு. தமிழரசனுக்குள் போனது உண்மையிலேயே எதுவும் சொல்லாக வெளியே வந்ததில்லை. அவர் அப்பா ஆயுள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டவர். அவர் இறந்த அன்று அக்கா அம்சம் தெருவே கேட்க அழுதுகொண்டிருக்க, தமிழரசன் பந்தலுக்கு வெளியே நின்று வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஒழுங்குசெய்துகொண்டிருந்தார். மகள் குந்தவை வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பிய அன்று விமானம் எப்படி மிதக்கிறது என்று விளக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நீ இல்லாவிட்டால் எனக்கு ஆகாது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வானதியிடம் சொன்னதில்லை. எல்லாப் புருஷர்களும் சொல்லிக்கொண்டா இருக்கிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் மற்ற புருஷர்கள் யாரும் அதை ஒரு கொள்கையாகக் கடைத்தெருவில் அறிவித்துவிட்டு இருக்கவில்லை.

குறுவை நெல் வந்து குவிகிற புரட்டாசியில் வானதிக்கு வயிற்று வலி வந்தது. மூட்டைக் கணக்குக்கு நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு தமிழரசனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக வானதி பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

“அல்சர்,” என்றார். “நேரத்துக்குச் சாப்பிடாததால வர்றது. அப்பவே சொன்னேன்.”

அவர் அப்போது எதுவும் சொன்னதில்லை.

“இன்னொரு டாக்டரையும் ஒரு எட்டுப் பாத்துடலாம். பக்கத்துப் பிரிவுதான்.”

பக்கத்துப் பிரிவின் வாசலில் சுவரோடு சுவராக ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதைக் கண்டதும் தமிழரசன் வேகமாக முன்னால் நடந்து, பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்று, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று சொன்னார். அவர் ஐந்தடி நாலங்குலம். பலகை ஆறடி. தலைக்கு மேல் ‘புற்று’ என்றும் இடது அக்குளுக்கு வெளியே ‘பிரிவு’ என்றும் தெரிந்தது. நடுவில் இருந்ததை அவர் வெற்றிகரமாக மறைத்தார்.

வானதி அவரைப் பார்த்தாள். சாக்பீஸ் தூசி படிந்த சட்டைக் கைகளை விரித்தபடி, காற்று வாங்குவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்த மனுஷன் நின்ற நிலையைப் பார்த்ததும் அவளுக்குத் தனக்கு வந்திருப்பதைவிட அவருக்கு வந்திருப்பதுதான் பெரிதாகப்பட்டது.

“ஆமாங்க, நல்ல காத்து,” என்றாள்.

அவருக்கே ஏற்கெனவே ஒரு நிலைமை இருக்கும்போது, அவரிடம் போய் எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? அவர் தாமாகச் சொல்லட்டும் என்று விட்டாள். எவ்வளவு கனம் என்பதுதான் தெரியவில்லை. அதற்கு முறை அவளுக்குத் தெரியும்.

வாசலில் மினுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. இருபது வருஷமாகக் கடைத்தெரு வழியாக நடந்துவரும் மனுஷன் முதன்முறையாக மல்லிகைப்பூ வாங்கிவந்தார். மறுநாள் காப்பி போட்டார். அதில் உப்பு இருந்தது. மாத்திரை அட்டைகளின் பின்பக்க எழுத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். தொலைக்காட்சி ரிமோட்டை அவள் கேட்காமலே கொடுத்தார். அதற்கடுத்து எதிரொலி. நாலு நாளைக்கு ஒருமுறை பேசுகிற குந்தவை சிங்கப்பூரிலிருந்து தினமும் கூப்பிட்டு, “சும்மாதாம்மா,” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு மூக்கடைத்தது. மன்னார்குடியிலிருந்து அம்சம், பையில் ஆப்பிளோடு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினாள். முழங்கால் வலிக்காகத் தீபாவளிக்குக்கூட வராதவள், தெருமுனையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

மேகம் ஓடிய வேகத்தை வானதி பார்த்தாள். கனம் தெரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போனாள். அம்சம் கொண்டுவந்த ஆப்பிளை நறுக்கி அம்சத்துக்கே கொடுத்தாள்.

ஆனால் நோய் என்று ஒன்று இல்லாத வீட்டில் எதையும் பேச முடியவில்லை. குந்தவை கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவை எந்தப் பெட்டியில் இருக்கிறது, அவருக்கு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி வந்தால் என்ன வைத்துக்கொடுக்க வேண்டும், தன் துணிமணிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்று, சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. வாயெடுத்தால் அவர் பதறினார்.

“ஏங்க, நான் இல்லாதப்ப...”

“எங்க போகப்போற? அல்சருக்கு யாராவது இப்படிப் பேசுவாங்களா? ஆப்பிள் சாப்பிடு.”

இப்படியே போனால் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே போய்ச் சேர வேண்டியதுதான் என்று வானதிக்குப் பயம் பிடித்தது. வலிக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. பக்கத்திலேயே அவர் இருக்க, தான் தனியாகப் போகப்போகிறோம் என்பதற்குத்தான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவையும் வரவழைத்து வைத்துக்கொண்டு தமிழரசன் அறிவித்தார்.

“தை மாசம் திருக்கடையூர்ல எனக்கு அறுபதாம் கல்யாணம்.”

வானதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. கோயிலுக்குப் போனால் வெளியே நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவலிருக்கிற மனுஷன். இவருடைய சொந்தக் கல்யாணமே ஐயர் இல்லாமல், ஒலிபெருக்கி வைத்து நடந்தது.

“உங்களுக்கு ஐம்பத்தேழுதானே?”

“பள்ளிக்கூடத்துல மூணு வயசக் கொறச்சுப் போட்டுட்டாங்க. நெஜ வயசு அறுபது.”

“அப்படியா. அப்ப எனக்குத் தெரியாம மூணு வயசு கூடுதலான ஆளோட குடும்பம் நடத்தியிருக்கேனா?”

“நடத்தியிருக்க.”

“சரிங்க. அம்சம் அண்ணிக்கே ஐம்பத்தொம்பதுதான் நடக்குது. நீங்க அக்காவ முந்திக்கிட்டுப் பொறந்துட்டீங்களா?”

தமிழரசன் இந்தக் கணக்கைப் போட்டுப்பார்க்கவில்லை. ஒளியாண்டுக் கணக்கில் பழகியவருக்கு மூன்று வருஷம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அப்போதுதான் அந்த வீட்டில் யாரும் எதிர்பாராத தியாகம் ஒன்று நடந்தது. எந்தக் கல்யாண வீட்டிலும் ஐம்பத்திரண்டுக்கு மேல் தாண்டாத அம்சம், ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு வானதி.”

வானதி அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளை தானாக வாய் திறந்து மூன்று வயதைக் கூட்டிக்கொள்கிறாள் என்றால், அந்த மூன்று வருஷத்துக்கு இங்கே எவ்வளவு தட்டுப்பாடு இருக்க வேண்டும்.

“அப்ப சரிங்க. பண்ணிக்குவோம்,” என்றாள்.

ஹபீப் முகம்மதுதான் தம் காரில் கூட்டிப்போனார். முன் சீட்டில் தமிழரசன் பட்டு வேட்டி இடுப்பில் நிற்காத கவலையில் இருந்தார். பின்னால், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த குந்தவை தோளில் சாய்ந்து வானதி. சாலைக்கு இருபுறமும் சம்பா அறுப்பு. மயிலாடுதுறை தாண்டி டீசல் போட நின்றபோது தமிழரசன் வேட்டியைச் சரிசெய்ய இறங்கினார். குந்தவையும் தண்ணீர் வாங்கப் போனாள்.

“அண்ணே,” என்றாள் வானதி. “உங்க மாப்ள உங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலம்மா. அவன் எங்க சொல்லுவான்.” ஹபீப் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் வெளியே அறுவடை இயந்திரத்தைப் பார்த்தார். “காலேஜ்ல கருந்துளைப் பாடத்த நிறுத்திட்டான். சிலபஸ்ல இருக்குடான்னேன். என்னமோ, பசங்களுக்குப் புரியாதுங்கறான்.”

“நீங்க எதுனா எழுதினீங்களா அண்ணே, இப்ப?”

ஹபீப் அவசரமாகக் கார் சாவியைத் தேடினார். அது வண்டியிலேயே தொங்கியது.

திருக்கடையூர், பக்தனுக்காக எமனை எட்டி உதைத்த சாமியின் ஊர். ஆயுள் கேட்டு வருகிறவர்கள் அங்கே மாலையும் கழுத்துமாக வரிசையில் நிற்கிறார்கள். அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள். நடுவில் ஐம்பத்தேழு ஒன்று, முகத்தை வயதானது மாதிரி வைத்துக்கொண்டு நின்றது. அதற்குத் தனியாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. புரட்டாசிக்குப் பிறகு அவருக்குத் தானாகவே ஒரு பத்து வயது கூடியிருந்தது.

“ஐயா பிறந்த வருஷம்?” என்றார் குருக்கள். பிறந்த தமிழ் வருஷம் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வருவதற்குத்தான் இந்தச் சடங்கே. இப்போது நடப்பது குரோதி. தமிழரசன் பிறந்தது பிலவங்க.

“குரோதி,” என்றார் தமிழரசன்.

“குரோதி, குரோதிதான்,” என்றாள் மன்னார்குடியிலிருந்து நேராக வந்திருந்த அம்சம், பின்னாலிருந்து. “நான்தான் தூக்கி வளத்தேன்.”

குருக்கள் ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்த்தார், ஒருமுறை மெலிந்து மாலைக்குள் மறைந்திருந்த பெண்ணைப் பார்த்தார். அந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். மேற்கொண்டு கேட்காமல் மந்திரத்தைத் தொடங்கினார்.

ஹோமம் முடிந்து இருவரையும் மணையில் உட்காரவைத்தார்கள். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, உறவினர்கள் ஒவ்வொருவராகக் கலசத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். தை மாதக் காலைத் தண்ணீர். வானதிக்கு உடம்பு வெடவெடத்தது. பக்கத்தில் தமிழரசன் தலையைக் குனிந்து அசையாமல் இருந்தார். முதல் குடத்துக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது குடத்தைக் குந்தவை ஊற்றும்போது அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

நல்ல கணக்குதான். எல்லாம் நனைந்திருக்கிற இடத்தில் எது எந்தத் தண்ணீர் என்று யார் கண்டுபிடிப்பது? வானதி புறங்கையை அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“தண்ணி குளுருது. இது சுடுதுங்க.”

“எது?”

“ஈரம் பதினேழுக்கு மேல இருக்கு. இத நான் எடுத்துக்க முடியாது. திருப்பித்தான் அனுப்பணும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. குந்தவை கலசத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அம்சம் அடுத்ததை எடுத்தாள்.

“அல்சர் இல்ல வானதி,” என்றார்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னார், பக்கத்து மேடை நாதஸ்வரத்தில் அது வானதிக்கே பாதிதான் கேட்டது.

“ம். சொல்லுங்க.”

“சித்திரையத் தாண்டாதுன்னாங்க. எனக்கு அறுபதாவ இன்னும் மூணு வருஷம் கெடக்கு.” தண்ணீர் வாயில் புகுந்தது, துப்பிவிட்டுச் சொன்னார். “நீ இல்லாம அந்த மூணு வருஷத்த நான் என்ன பண்றது?”

வானதி அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அம்சம் ஊற்றிய தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் விழுந்து வழிந்தது. தமிழரசன் குனிந்த தலை நிமிராமல், டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னதிலிருந்து, பலகை முன்னால் கை வலிக்க நின்றது, காப்பியில் உப்பு விழுந்தது, அப்பா செத்த அன்று வண்டிகளை எண்ணிக்கொண்டு நின்றது என்று, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.